கூரைக்குக் கீழே ஒரு முழம்

முதல் ஷிஃப்ட் கம்பெனி பஸ் விடிகாலை ஐந்து பத்துக்கு வரும். அன்று எல்லப்பன் அதில் ஏறவில்லை. அக்காவைக் கிளாம்பாக்கத்தில் திருப்பூர் பஸ் ஏற்றிவிட அரை நாள் லீவு சொல்லியிருந்தான்.

பக்கத்து வீட்டு வாசலில் அக்கா அம்சவல்லியின் பை இருந்தது. அவள் பின்பக்கம் ஆட்டுக்கொட்டகையில் நின்றாள். மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

“டேய், இங்க வா. பாத்துக்க.”

இடுப்பளவு செங்கல் சுவர். அதற்கு மேல் மூங்கில் தட்டி. தட்டிக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி, நான்கு பக்கமும். வடக்குப் பக்கம் மட்டும் சாக்கு கட்டியிருந்தாள். ஆடு நின்றால் அதன் தலை மறையும் உயரத்துக்கு.

“சாக்கு போதும். மேல தெறந்தே இருக்கட்டும். அத மூடாத.”

“சரிக்கா.”

“கீழ ஈரம் ஆவக் கூடாது. தெனம் அள்ளிக் கொட்டிட்டு சாம்பல் தூவு. தண்ணி வெதுவெதுன்னு வையி. பல்லு இல்ல அதுக்கு. தவிட்ட ஊற வச்சி…”

“அக்கா, பஸ் போயிடும்.”

“போனா இன்னொண்ணு வரும். நீ கேளு.”

ஆடு கேட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு ஆடு. நெற்றியில் வெள்ளைப் புள்ளி. அம்சவல்லியின் மகள் கலைமதி பத்தாவது படிக்கும்போது அதற்குப் பொட்டு என்று பேர் வைத்தாள். இப்போது கலைமதி கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள். மற்ற ஆடுகளை விற்றாகிவிட்டது. மேய்த்த இடமெல்லாம் கம்பெனிகளின் காம்பவுண்டுக்குள் போய்விட்டது. பொட்டை மட்டும் அம்சவல்லி விற்கவில்லை. அது ஈன்று பல வருஷம் ஆகிறது. ஏன் வைத்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், “உன்ன ஏன் உங்கூட்டுல வச்சிக்கினு கீறாங்க?” என்பாள்.

கலைமதிக்கு ஏழாவது மாதம். பிரஷர் ஏறிவிட்டது. பிரசவத்துக்கு அம்மா வீடு வரை பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் இல்லை. புருஷனுக்கு பனியன் கம்பெனியில் நைட் வேலை. தையில் அம்சவல்லிதான் போய் மூன்று மாதம் இருக்க வேண்டும். அவள் ஆட்டை விட்டு ஒரு ராத்திரிகூட எங்கும் தங்கியதில்லை. இப்போது ஒரு வாரம் போய்ப் பார்ப்பது, ஆடு நன்றாக இருந்தால் தையில் போவது. அப்படித்தான் பேச்சு.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக மறுபடி சொன்னாள். “உன்ன நம்பித்தாண்டா போறேன்.”

“இன்னா, கொழந்தையா வளக்கப் போறேன்? ஆடுக்கா அது. போ.”

எல்லப்பன் ஒரகடத்தில் கார் கம்பெனியில் டோர் லைனில் இருந்தான். கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் பொருத்துவது அவன் வேலை. லைன் கடைசியில் ஷவர் டெஸ்ட். வண்டியை உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் தண்ணீர் பீய்ச்சுவார்கள். உள்ளே ஒரு சொட்டு இறங்கினாலும் பீடிங் போட்ட ஆளைத் தேடி சூப்பர்வைசர் வருவார். எல்லப்பனைத் தேடி வந்து வருஷங்கள் ஆகின்றன.

மறுநாள் விடியலில் தண்ணீர் வைக்கப் போனான். பொட்டு மூலையில் ஒடுங்கி நின்றது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. அவன் கையை மேலே தூக்கிப் பார்த்தான். கூரை இடுக்கில் காற்று வந்தது. குளிர்ந்த காற்று. ஒரு கதவில் இவ்வளவு சந்து விட்டால் லைனையே நிறுத்திவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காயலாங்கடைக்குப் போனான். கம்பெனிகளுக்குப் பாகங்கள் சுற்றி வரும் கனமான பிளாஸ்டிக் ஷீட், வெள்ளை ஃபோம், பழைய கதவு ரப்பர். சந்து அடைக்கும் சிலிக்கான் ட்யூப் இரண்டு வாங்கிக்கொண்டான்.

அவன் மனைவி சசிகலா துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தாள்.

“அண்ணி மேல மூடாதன்னுதான சொன்னாங்க?”

“மூத்திர நாத்தம் போவட்டும்னு தெறந்து வச்சிருக்கும். வேற இன்னா? வயசான ஆடு. இந்தப் பனியில சளி புடிச்சா அவ்ளோதான்.”

“நீ இன்னா பண்ணாலும் கம்பெனி வேல மாதிரியே பண்ணுவ. ஏசி ஒண்ணு மாட்டிடு. ஷோரூமுக்கு அனுப்பிடலாம்.”

அவன் சிரித்தான். சாயங்காலம் வரை வேலை நடந்தது. நான்கு பக்கமும் ஃபோம். அதன்மேல் ஷீட். விளிம்பெல்லாம் சிலிக்கான். வாசலுக்குப் பலகைக் கதவு செய்து அதைச் சுற்றி ரப்பர் வைத்தான். பிறகு ஹோஸை எடுத்து வெளியிலிருந்து கூரை ஓரமெல்லாம் தண்ணீர் அடித்தான். உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. பொட்டு அவன் சட்டை நுனியைச் சப்பியது.

அக்காவிடம் போனில் சொல்லவில்லை. வந்து பார்க்கட்டும் என்று இருந்தான்.

பஸ்ஸில் ஜெபகுமாரிடம் சொன்னான். அவனும் அதே லைன்.

“ஆட்டுக்கு டோர் பீடிங் போட்ட மொத ஆளு நீதாண்ணே,” என்றான் ஜெபகுமார். “ஷவர் டெஸ்ட்டு?”

“பாஸ்.”

பஸ்ஸே சிரித்தது. எல்லப்பனுக்கு அன்று முழுக்க நன்றாக இருந்தது.

கலைமதிக்கு பிரஷர் இறங்கவில்லை. அம்சவல்லி வரும் நாள் தள்ளிப்போனது. “இருந்துட்டே வாக்கா. இங்க ஒண்ணும் பிரச்சன இல்ல,” என்றான். அந்த வாரம் கம்பெனியில் ஓ.டி. அதிகம். வீடு வரும்போது இருட்டிவிடும். புழுக்கை அள்ளுவது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. சாம்பல் தூவுவது நின்றது. கொட்டகைக்குள் நுழைந்தால் கதகதப்பாக இருந்தது. அதுவே போதும் என்று தோன்றியது.

ஒரு காலை கதவைத் திறந்தபோது ஷீட்டில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. கூரையிலிருந்து சொட்டியது. ஆட்டின் முதுகு நனைந்திருந்தது.

லீக் என்று நினைத்தான்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரை ஆணிகளைச் சுற்றி சிலிக்கான் வைத்தான். தட்டி முனையில் ஒரு விரல் நுழையும் சந்து இருந்தது. அதையும் அடைத்தான். மறுநாள் தண்ணீர் இன்னும் கூடுதலாக நின்றது. மூன்றாவது ட்யூப் வாங்கினான்.

முதலில் தும்மல். பிறகு இருமல். மூக்கில் தண்ணியாக வந்தது கெட்டியானது. தவிடு அப்படியே இருந்தது. ஒருநாள் சாயங்காலம் சசிகலா அவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். பொட்டு கழுத்தை நீட்டி நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே போய்ப் போய் வந்தது. வாய் அசை போடவில்லை.

“எவ்ளோ நேரமா இப்படி கீது?”

“நான் மட்டும் இன்னா பக்கத்துலயே கீறனா? நானும் இப்பத்தான் ஷிஃப்ட்டு முடிஞ்சி வந்தேன்.”

அவன் மிளகுக் கஷாயம் வைத்து பாட்டிலில் ஊற்றினான். ஆட்டின் வாயைப் பிடிக்கப் போனான். சசிகலா பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள். “மூச்சே வுட முடியல. வாயில வேற ஊத்துவியா? டாக்டரக் கூப்டு.”

கால்நடை மருத்துவர் இசக்கிசெல்வி மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயது. கொட்டகைக் கதவைத் திறந்தவர் உள்ளே போகவில்லை. ரப்பரைத் தொட்டுப் பார்த்தார்.

“இது என்னது அண்ணாச்சி?”

“பனி உள்ள வராம இருக்க.”

“உள்ள போயி குத்த வச்சு உக்காருங்க.”

“நானா?”

“நீங்கதான். ஆட்டு மூக்கு ஒசரத்துக்கு.”

உட்கார்ந்தான். நின்றபோது தெரியாத நெடி முகத்தில் ஏறியது. கண் எரிந்தது. தொண்டை கமறியது. எழுந்து வெளியே வந்து இருமினான்.

“நீங்க ஒரு நிமிஷம் உக்காரல,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. “அது ராத்திரி பூரா உள்ளதான படுத்துக் கெடக்கு.”

“மேல தண்ணி சொட்டிச்சி டாக்டர். பனி எறங்குதுன்னு…”

“அது பனி இல்ல. அது விட்ட மூச்சு. வெளிய போக வழியில்லாம நிக்கி.” ஆட்டின் விலாவில் கருவியை வைத்துக் கேட்டார். நேரம் எடுத்துக் கேட்டார். “குளிரு ஆட்டுக்குத் தாங்கும். தரை காஞ்சிருந்து, வயித்துக்குத் தீனி இருந்தா போதும். ஈரமும் இந்த நெடியும்தான் நெஞ்சக் கெடுத்துரும். இத யாரு இப்படி அடைக்கச் சொன்னா?”

எல்லப்பன் கதவு ரப்பரின் ஒரு நுனியைப் பிய்த்தான்.

“முன்னால எப்படி இருந்துச்சு?”

“கீழ சாக்கு. மேல தெறந்து.”

“அது நல்லாத்தான இருந்துச்சு.”

ஊசி போட்டார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, வயசான ஆடு, இப்போது சொல்ல முடியாது என்றார். தினமும் வந்து ஊசி போடுவதாகச் சொன்னார். எதையும் வாயில் ஊற்றக் கூடாது என்றார்.

அவர் போனதும் எல்லப்பன் ஷீட்டைக் கிழித்தான். பலகைக் கதவையும் ரப்பரையும் கழற்றினான். ஃபோம் பாதி தட்டியோடு ஒட்டி நின்றது. கத்தியால் சுரண்டினான். அவன் வேலை கெட்டியாக இருந்தது. நகம் பிய்ந்தது. தரையைக் கழுவாமல் சுரண்டி எடுத்து, உலர்ந்த மண் கொட்டி, சாம்பல் தூவி, அதன்மேல் வைக்கோல் போட்டான். சாக்கை அக்கா கட்டியிருந்த இடத்திலேயே கட்டினான். எந்த உயரம் என்று மறந்துவிட்டது. ஆட்டைப் பக்கத்தில் நிறுத்தி அளந்துகொண்டான்.

கழற்றியதை எல்லாம் எங்கே போடுவது என்று சசிகலா கேட்டாள். அவன் அதை மூட்டையாகக் கட்டி பைக்கில் வைத்துக் காயலாங்கடையிலேயே போட்டுவிட்டு வந்தான்.

“இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?” என்றாள்.

“எடம் அடைக்குது.”

அவள் அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் அம்சவல்லி போன் செய்தாள். கலைமதிக்கு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். அதைச் சொல்லி முடித்துவிட்டு அவள் கேட்டாள்.

“பொட்டுக்கு சளி கிளி ஒண்ணும் இல்லயே?”

பொட்டு அவன் காலருகில் படுத்து இருமிக்கொண்டிருந்தது. அவன் போனோடு தெருவுக்கு நடந்தான்.

“நல்லா கீதுக்கா.”

அந்த வாரம் ஓ.டி. வேண்டாம் என்று சொன்னான். வெந்நீர் வைத்தான். மூக்கைத் துணியால் துடைத்தான். வேலியோரம் அகத்திக் கொழுந்து பறித்துக் கிள்ளிக் கிள்ளி வாயருகே நீட்டினான். பொட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருநாள் ஒரு இலையை எடுத்தது. பல்லில்லாத ஈறால் வெகுநேரம் மென்றது. பிறகு அசை போட்டது. அவன் வைக்கோலில் உட்கார்ந்துவிட்டான்.

அம்சவல்லி திரும்பி வந்தபோது ஆடு நின்றுகொண்டிருந்தது. அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இன்னாடா ஆச்சு இதுக்கு?”

எலும்பு தெரிந்தது. இருமல் இருந்தது. எல்லப்பன் எதைச் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தான். பஸ்ஸில், லைனில், சாப்பிடும்போது யோசித்து வைத்திருந்தான். முதல் வார்த்தை, “அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.” அது வரவில்லை.

“பனி ஜாஸ்திக்கா இந்த வருஷம்,” என்றான்.

அவள் பையை இறக்கினாள். ஆட்டின் காதைத் தொட்டாள். விலாவைத் தடவினாள். அழவில்லை.

“டாக்டர் வந்து ஊசி போட்டாங்க. இப்ப பரவால்ல. அதான் சொல்லல. நீ அங்க பயப்படுவ.”

“நீ இன்னாடா பண்ணுவ, பாவம்.”

மறுநாளே தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். எல்லப்பன் ஓ.டி.யை விட்டுவிட்டு ஆட்டைக் காப்பாற்றினான். தன் தம்பி மாதிரி யாரும் இல்லை. அவன் இல்லையென்றால் பொட்டு போயிருக்கும். இரவு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து எடுத்துவந்தாள். அவனுக்குப் பிடித்தது. தட்டில் ஊற்றிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“நல்லா துன்னு. எளச்சிப் போயிட்ட.”

அவன் சாப்பிட்டான். சசிகலா நின்று பார்த்தாள்.

அக்கா போனதும் சசிகலா கேட்டாள். “இன்னொரு கரண்டி ஊத்தட்டா?”

“கம்முனு இரு.”

“நான் கம்முனுதான் கீறேன். நீதான் சொல்லணும்.”

“சொல்றேன்.”

“எப்ப? கொழம்பு தீந்த அப்பறமா?”

பொங்கலுக்கு முன்னால் கலைமதி அம்மாவுக்குப் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. நாள் வரை காத்திருக்க முடியாது, அடுத்த வாரமே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிரஷர் இறங்கவே இல்லையாம். குரல் சின்னதாக இருந்தது. எப்போது கிளம்புகிறாய் என்று கேட்டாள்.

எல்லப்பன் அப்போது தவிடு ஊறவைத்துக்கொண்டிருந்தான். அந்த வேலையை அவன் அக்காவிடம் திரும்பக் கொடுக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“நான் வரலடி,” என்றாள் அம்சவல்லி.

கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஆள் வச்சிக்க. அங்க கெடைக்கும். இல்லன்னா சசிய அனுப்பறேன்.”

“சசி அத்தைக்கு எப்படிம்மா லீவு குடுப்பாங்க? பொட்டுக்குத்தான் ஒடம்பு நல்லாயிட்டுதுன்னு மாமா சொன்னாரே?”

“நல்லாயிட்டுது. மறுபடி போனேன்னா மறுபடி வரும். ரெண்டு வாரம் போனதுக்கே சாவப் பாத்துது. மூணு மாசம் எங்க போறது? இரு, லைன்ல இரு.”

அவள் போனை சுவர்மேல் வைத்தாள். வீட்டுக்குள் போய்த் தார்ப்பாய் ஒன்றை எடுத்து வந்தாள். ஸ்டூலைக் கொட்டகைக்குள் போட்டாள். ஏறி நின்று, தார்ப்பாயின் ஒரு நுனியைக் கூரைக் கட்டையில் செருகினாள்.

“இன்னாக்கா பண்ற?”

“மேல மூடறேன். தெறந்து வச்சதாலதான பனி எறங்கிச்சி. எனக்குத்தான் புத்தி இல்ல. நீ கார் கதவுக்கெல்லாம் ரப்பர் வைக்கிறியே, அந்த மாதிரி சுத்தி வச்சிக் குடேன்.”

“வேணாங்க்கா. எறங்கு.”

“ஏன்?”

“எறங்குக்கா, மொதல்ல.” அவன் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தான். அது கையோடு வந்தது. “மூடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. மேல காத்து போவணும். அடைச்சா ஈரம் உள்ளயே நிக்கும். நெடி நிக்கும். அதுதான் நெஞ்சக் கெடுக்கும்.”

அம்சவல்லி ஸ்டூல்மேல் நின்றபடி அவனைப் பார்த்தாள்.

“அப்ப நான் தெறந்து வச்சது சரிதானா?”

“சரிதான்.”

“சாக்கு?”

“அதுவும் சரிதான்.”

“நீ தெனம் அள்ளிப் போட்ட. சாம்பல் தூவுன. வெந்நி வச்ச.”

அவன் தார்ப்பாயை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான். சசிகலா பின்கதவில் வந்து நின்றாள். பொட்டு தவிட்டுச் சட்டியில் வாய் வைத்து உறிஞ்சியது.

போனில் கலைமதி கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மா?” என்றாள். “இன்னாம்மா அங்க? மாமா, நீயாவது சொல்லு, வரச் சொல்லு.”

அம்சவல்லி கீழே இறங்கினாள். போனை எடுக்கவில்லை. தம்பியின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

“கொட்டகையும் சரி. நீ பாத்துக்கினதும் சரி. அப்ப நான் போனதுதானடா தப்பு?”